கொழும்பில ஓடத் தொடங்கிறது: ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கிற ஆக்களுக்கு

2022ல கரண்ட் கட் நடந்த நாளையில எங்கட வெள்ளவத்தை ஃபிளாட்ஸில லிஃப்ட் வேலை செய்யாது, நாங்கள் இருக்கிறது ஆறாம் மாடி. ஒரு நாள் பின்னேரம் ஒஃபிஸால வந்து ரெண்டு பை மரக்கறியும் தூக்கிக்கொண்டு ஏறேக்க நாலாம் மாடிப் படியில அப்பிடியே இருந்திட்டன், நெஞ்சு படபட எண்டு அடிக்குது, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது. அங்க இருக்கிற அன்ரி கதவைத் திறந்து பாத்திட்டு "பிள்ளை, தண்ணி தரட்டோ" எண்டு கேட்டா, அவவும் அஞ்சு நிமிசத்துக்கு முன்னம்தான் அதே படியால ஏறி வந்தவ, வயசு 68. எனக்கு அப்ப 41.

இப்ப நான் கிழமையில மூண்டு நாள் நிப்பாட்டாமல் அரை மணித்தியாலம் ஓடுறன். வேகமா இல்லை, ஆனா ஓடுறன். இடையில ஒருக்கா பிழையாத் தொடங்கிக் காலை நோவாக்கி விட்டிட்டு, திரும்பச் சரியாத் தொடங்கினனான், அதால ரெண்டு பக்கமும் தெரியும். ஒஃபிஸில, சொந்தத்துக்குள்ள எண்டு நிறையப் பேர் "எப்பிடித் தொடங்கிறது" எண்டு கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் அனுப்பி முடியேல்ல, அதுதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதுறன்.

ஓட முதல் ஒருக்கா உடம்பைப் பாருங்கோ

நான் முதல்ல இதைச் செய்யாமல் விட்டதுதான் பெரிய பிழை. படியில இருந்த கதையைக் கேட்ட டொக்டர் ஓட்டத்தைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்ல, ரத்தம் செக் பண்ணச் சொன்னார், ஹீமோகுளோபின் 9.8. பொம்பிளையளுக்கு 12க்குக் குறையக்கூடாது. ரத்தம் குறைஞ்சிருந்தா நீங்கள் எவ்வளவு முக்கினாலும் ஒக்சிஜன் காலுக்குப் போய்ச் சேராது, அதை "எனக்கு ஸ்டமினா இல்லை" எண்டு நினைச்சுக்கொண்டு எத்தினையோ பேர் விட்டிடுகினம். இரும்புச்சத்துக் குளிசை தந்தா அதைத் தேத்தண்ணியோட போடாதேங்கோ, தேத்தண்ணி இரும்பை உடம்பில சேர விடாது, தேசிக்காய்த் தண்ணியோட போட்டா நல்லாச் சேரும். எனக்கு இது தெரியாமல் ஒரு மாசக் குளிசை வீணாப் போச்சு.

35 வயசு தாண்டினவைக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியள்ல ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் எண்டு இருக்கு, பிரஷர், சுகர், உயரம், நிறை எல்லாம் காசில்லாமல் பாப்பினம், ஒரு காலமை போனாக் காணும். நடக்கேக்க நெஞ்சு இறுக்குது, மயக்கம் வந்தது, அப்பாவுக்கோ சகோதரங்களுக்கோ சின்ன வயசிலயே ஹார்ட் அட்டாக் வந்தது, இதில ஒண்டாவது இருந்தா டொக்டரிட்டக் காட்டாமல் ஓடாதேங்கோ, தயவுசெய்து. சுகருக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசையோ எடுக்கிறவை ஓடேக்க சுகர் டக்கெண்டு இறங்கலாம், பொக்கற்றில நாலு டொபி இல்லாட்டி குளுக்கோஸ் வைச்சுக்கொண்டு போங்கோ. பிரஷருக்கு அட்டினலோல் மாதிரிக் குளிசை போடுறவைக்கு ஓடினாலும் நாடித்துடிப்பு அவ்வளவா ஏறாது, அதால கையில கட்டுற ஸ்மார்ட் வொட்ச் காட்டுற இலக்கத்தை நம்பி ஓட ஏலாது.

சப்பாத்து, உடுப்பு

இதில கனக்கக் கதைக்கத் தேவையில்லை. ஓடுறதுக்கெண்டு செய்த சப்பாத்து ஒண்டு வேணும், கான்வஸ் வேண்டாம், மகன்ட பழைய ஃபுட்போல் சப்பாத்து வேண்டாம். புறக்கோட்டையில பெரிய பிராண்ட் பேர் போட்டு மலிவா விக்கிற டூப்ளிகேட்டை விட, டிஎஸ்ஐ மாதிரி உள்ளூர்க் கம்பனி செய்யிற ஒண்டு எவ்வளவோ நல்லம். பின்னேரம் போய் வாங்குங்கோ, அந்த நேரம்தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடேக்கயும் அப்பிடித்தான் வீங்கும். மேசு போட்டுக்கொண்டு போட்டுப் பாருங்கோ, பெருவிரலுக்கு முன்னால ஒரு விரலகலம் இடம் இருக்கோணும். இல்லாட்டி நகம் கறுத்துப் போகும்.

பொம்பிளையளுக்கு ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. சப்பாத்தை விட முதல்ல வாங்க வேண்டியது நல்ல இறுக்கமான ஸ்போர்ட்ஸ் ப்ரா. கடையில போட்டுப் பாக்கிற அறைக்குள்ள நிண்டு பத்துத் தரம் துள்ளிப் பாருங்கோ, நோகுதெண்டா அது உங்களுக்கு இல்லை. நான் முதல் மாசம் கூனிக்கொண்டு ஓடினதுக்கும் நாரி நோவுக்கும் காரணம் இதுதான் எண்டு பிறகுதான் விளங்கினது. மேல போடுறதுக்கு லூசான ரீசேட்டும் லெகிங்ஸும் காணும், சல்வார் டொப்போட ஓடுற ஆக்களும் இருக்கினம், ஹிஜாபோட ஓடுற பிள்ளையளும் இருக்கினம், ஷோலை மட்டும் தொங்க விடாதேங்கோ. பருத்தி உடுப்பு வேர்வையில ஊறிப் பாரமாகி அக்குளையும் தொடையையும் உரசிப் புண்ணாக்கும், உரசுற இடத்தில கொஞ்சம் வாசலின் பூசினாச் சரி.

எத்தினை மணிக்கு, எங்க

கொழும்பில ஓடுறவைக்கு வேகத்தை விட, தூரத்தை விட, நேரம்தான் பெரிய விசயம். இஞ்ச வெக்கை மட்டும் இல்லை, காத்தில ஈரமும் கூட, வேர்வை காயாது, வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும், அதால நுவரெலியாவில ஓடுற அதே வேகத்தில இஞ்ச ஓடினா நெஞ்சு எவ்வளவோ கூட அடிக்கும். அது உங்கட குறை இல்லை, ஊரின்ட காலநிலை. புதுசாத் தொடங்கிறவைக்கு உடம்பு இந்த வெக்கைக்குப் பழக ரெண்டு கிழமை அளவில எடுக்கும், அந்த ரெண்டு கிழமையில உங்களைப் பற்றி ஒரு முடிவும் எடுக்காதேங்கோ.

எந்த மாசம் எண்டாலும் இஞ்ச சூரியன் 5:50க்கும் 6:30க்கும் இடையிலதான் வரும். நான் 5:20க்கு இறங்கி 6:10க்குத் திரும்பி வந்திடுவன், பிறகு பிள்ளையளுக்குச் சாப்பாடு கட்டலாம். ஏழரை தாண்டினா வெயில் தலையில ஏறும், ஏப்ரல்ல சூரியன் நேர உச்சிக்கு வாற நாளையில ஏழு மணிக்கே ஏலாது. பின்னேரம் ஓடுறவை ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடுங்கோ, அதுவரைக்கும் தார் ரோட் சூட்டைக் கக்கிக்கொண்டு இருக்கும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாசங்கள்ல பின்னேரத்தில இடி மின்னல் கூட, கடற்கரைப் பக்கம் அந்த நேரம் போகவே வேண்டாம்.

இடம் எண்டா எங்கட பக்கத்து ஆக்களுக்கு மரைன் டிரைவ்தான். கடல் காத்து வரும், நேரான ரோட், மேடு பள்ளம் இல்லை. ஆனா ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில ரயில் பாதை போகுது, குறுக்க பாய்ஞ்சு கல்லுப் பக்கம் போறது, தண்டவாளத்தில நடக்கிறது ஒண்டும் வேண்டாம், கடல் இரைச்சல்ல ரயில் வாறது கேக்காது, காதில ஹெட்போன் இருந்தா சுத்தமாக் கேக்காது.

சுதந்திர சதுக்கம் புதுசா வாறவைக்கு நல்ல இடம், மரம் இருக்கு, லைட் இருக்கு, விடிய அஞ்சு மணிக்கே ஆக்கள் நடப்பினம், தனியாப் போற பொம்பிளையளுக்கும் பயமில்லை. விகாரமகாதேவிப் பூங்காவுக்குள்ள நிழல் கூட. பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறவைக்கு தியவன்னா வாவிக் கரையில தியத்த உயன எண்ட பூங்கா இருக்கு. காலி முகத்திடல்ல அந்தக் கடலோர நடைபாதை ஒரு நுனியில இருந்து மற்ற நுனிக்கு அரைக் கிலோமீட்டர் கிட்ட வரும், போய் வந்தா ஒண்டு, அளவெடுத்து ஓட அதுமாதிரி ஒரு இடம் இல்லை. அங்க ஒரு கல்லு நட்டிருக்கு, ஒருக்கா நிண்டு வாசிச்சுப் பாருங்கோ: ஹென்றி வார்ட் எண்ட கவர்னர் 1859ல அந்த நடைபாதையை முடிச்சு, கொழும்பில இருக்கிற பெண்களுக்காகவும் பிள்ளையளுக்காகவும் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு தனக்குப் பிறகு வாற கவர்னர்மாருக்கு எழுதி வைச்சிருக்கிறார். பொம்பிளை ஒருத்தி விடிய ஓடுறதைப் பாத்து யாரும் ஒரு மாதிரிப் பாத்தா நான் அந்தக் கல்லைத்தான் நினைப்பன்.

ரோட்டில ஓடுறதெண்டா வலப் பக்கமா ஓடுங்கோ, அப்பத்தான் எதிர்ல வாற பஸ்ஸும் ஓட்டோவும் உங்களுக்குத் தெரியும். விடியப்பறம் கறுப்பு உடுப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் (பௌர்ணமி லீவு) ரோட் வெறிச்சோடிக் கிடக்கும், முதல் ஓட்டத்துக்கு நல்ல நாள்.

நாய் கலைச்சா ஓடாதேங்கோ, நில்லுங்கோ. நிண்டு, அதின்ட கண்ணைப் பாக்காமல், கையைக் கீழ விட்டிட்டு மெல்ல மெல்ல நடந்து விலகினா அதுவும் ஆர்வம் கெட்டுப் போயிடும். மீறிக் கடிச்சாலோ கீறினாலோ உடன சோப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அண்டைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நாளைக்குப் பாப்பம் எண்டு விடுற விசயம் இல்லை இது.

சரி, இனி ஓட்டம்

நான் முதல் தரம் செய்தது என்னெண்டா, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவுக்கு இறங்கி, பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி ஓடினன். ஒரு நிமிசம் கூட இல்லை, நிண்டிட்டன். திரும்ப ஓடி, திரும்ப நிண்டு, இப்பிடியே அஞ்சு நாள் தொடர்ந்து. ஆறாம் நாள் முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு, விரலால தொட ஏலாத நோ. மூண்டு கிழமை படுத்திட்டுது.

ஏன் எண்டு பிஸியோதெரபி செய்யிற பிள்ளை ஒருத்தி விளங்கப்படுத்தினா. நெஞ்சும் சுவாசப்பையும் கெதியாப் பழகிடும், ரெண்டு மூண்டு கிழமையிலயே வித்தியாசம் தெரியும். எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்கு எடுக்கும். ஓடேக்க ஒவ்வொரு அடிக்கும் உங்கட நிறையைப் போல ரெண்டு மூண்டு மடங்கு பாரம் ஒரு காலில விழுது. அதால மூண்டாம் கிழமையில "இப்ப நல்லாத்தானே ஓடுறன், இன்னும் கொஞ்சம் ஓடுவம்" எண்டு மனம் சொல்லும், கால் இன்னும் தயாரில்லை. புது ஆக்கள் கூடுதலாக் கால் நோவாக்கிறது இந்தக் கிழமையிலதான். இன்னும் ஓடலாம் எண்டு இருக்கேக்கயே நிப்பாட்டோணும், இந்த ஒண்டைத்தான் நான் எல்லாரிட்டயும் திருப்பித் திருப்பிச் சொல்லுறது.

வேகம் எவ்வளவு? ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாச் சொல்லிப் பாருங்கோ. ஓடிக்கொண்டே "ஏழொண்டு ஏழு, ஏழிரண்டு பதினாலு, ஏழு மூண்டு இருபத்தொண்டு" எண்டு மூண்டு வரி ஒரே மூச்சில வந்தா வேகம் சரி. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு இழுக்க வேண்டி வந்தா நீங்கள் கூட ஓடுறீங்கள், குறையுங்கோ. பக்கத்தில நடக்கிற அங்கிள் உங்களை முந்திக்கொண்டு போவார், போகட்டும். அடி சின்னதா வையுங்கோ, கால் உடம்புக்குக் கீழ விழோணும், முன்னால நீட்டிக் குதிக்காலைக் குத்தக் கூடாது. தோளை இறுக்காதேங்கோ, கையைப் பொத்திப் பிடிக்காதேங்கோ.

உலகம் முழுக்கப் புது ஆக்கள் பின்பற்றுற திட்டம் ஒண்டு இருக்கு, கவுச் டு 5கே எண்டு பேர் (5கே எண்டா அஞ்சு கிலோமீட்டர்), 1996ல அமெரிக்காவில ஜோஷ் கிளார்க் எண்டவர் போட்டது. ஒன்பது கிழமை, கிழமைக்கு மூண்டு நாள், முதல் நாள் அஞ்சு நிமிசம் விறுவிறு நடை, பிறகு ஒரு நிமிசம் ஓட்டம் ஒண்டரை நிமிசம் நடை எண்டு மாறி மாறி 20 நிமிசம். நல்ல திட்டம், ஃபோனில ஆப் இருக்கு. ஆனா பத்து வருசம் கதிரையில இருந்த உடம்புக்கும் கொழும்பு வெக்கைக்கும் அது கொஞ்சம் கெதி. நான் ரெண்டாம் தரம் செய்தது இப்பிடி:

முதல் ரெண்டு கிழமை ஓட்டமே இல்லை. கிழமைக்கு நாலு நாள் அரை மணித்தியாலம் விறுவிறு நடை. இதைத் தயவுசெய்து விட்டிடாதேங்கோ, கால் பழகிறது இஞ்சதான்.

மூண்டாம், நாலாம் கிழமை: லைட் போஸ்ட் கணக்கு. ஒரு போஸ்டில இருந்து அடுத்த போஸ்ட் வரைக்கும் ஓட்டம், பிறகு ரெண்டு போஸ்ட் நடை. மணிக்கூடு பாக்கத் தேவையில்லை, மனம் எண்ணிக்கொண்டு இருக்கும். 20 நிமிசம், கிழமைக்கு மூண்டு நாள், ரெண்டு ஓட்ட நாளுக்கு இடையில ஒரு நாள் கட்டாயம் ஓய்வு.

அஞ்சு, ஆறு: ஒரு நிமிசம் ஓட்டம், ஒண்டரை நிமிசம் நடை, எட்டுத் தரம். ஏழு, எட்டு: ரெண்டு நிமிசம் ஓட்டம், ரெண்டு நிமிசம் நடை, ஆறு தரம். ஒன்பது, பத்து: மூண்டு ஓட்டம், ஒண்டரை நடை. பதினொண்டு, பன்னிரண்டு: அஞ்சு ஓட்டம், ரெண்டு நடை, நாலு தரம். பிறகு ஓட்டத்தை எட்டு, பத்து, பதினஞ்சு நிமிசம் எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு கிழமை கஷ்டமா இருந்தா அடுத்ததுக்குப் போகாமல் அதையே திரும்பச் செய்யுங்கோ, நான் அஞ்சு நிமிசத்தில மட்டும் நாலு கிழமை நிண்டனான். நிப்பாட்டாமல் அரை மணித்தியாலம் வர எனக்கு எல்லாமாச் சேத்து அஞ்சு மாசம்.

ஓடாத நாளையில ரெண்டு நாள், அடுப்பில தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிற நேரத்தில குசினிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு குதிக்காலைத் தூக்கி மெல்ல இறக்குங்கோ, 12 தரம், ரெண்டு முறை. கதிரையில கை வைக்காமல் இருந்து எழும்புறதும் அப்பிடியே. கெண்டைக்காலும் தொடையும் பலப்பட்டா முழங்கால் நோ குறையும்.

நோவும் காய்ச்சலும்

ரெண்டு காலும் ஒரே மாதிரி மெல்லமா நோகுது, ரெண்டு நாளில போயிடுது எண்டா அது பழகிற நோ, பயமில்லை. ஒரு இடத்தில மட்டும், விரலால காட்டக்கூடிய மாதிரி, ஓட ஓடக் கூடுது, நொண்டப் பண்ணுது எண்டா நிப்பாட்டி நடங்கோ, ஒரு கிழமை விடுங்கோ, குறையாட்டிக் காட்டுங்கோ. டைக்ளோஃபெனாக் எண்ட நோக்குளிசையைப் போட்டிட்டு ஓடுறவையையும் தெரியும், அது நோவைத்தான் மறைக்கும், காயம் உள்ளுக்க வளர்ந்துகொண்டு இருக்கும். விலாவில குத்தினா நடந்து, மூச்சை நீட்டி வெளியில விடுங்கோ, போயிடும்.

காய்ச்சலோட ஒரு நாளும் ஓடாதேங்கோ, அது ஹார்ட்டைப் பாதிக்கலாம். இஞ்ச காய்ச்சல் எண்டா முதல்ல டெங்குவைத்தான் நினைக்கோணும். பரசிட்டமோல் தவிர வேற நோக்குளிசை போடக்கூடாது, ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் டெங்குவில ரத்தக்கசிவைக் கூட்டும். ரெண்டு நாளுக்கு மேல காய்ச்சல் இருந்தா ரத்தம் செக் பண்ணுங்கோ. டெங்கு வந்து மாறினவை டொக்டர் சொன்ன பிறகு திரும்ப நடையில இருந்து தொடங்குங்கோ. நுளம்பு கடிக்கிற நேரமும் விடியலும் பின்னேரமும்தான், பார்க் பக்கம் போறவை கால் கையில நுளம்பு மருந்து பூசிட்டுப் போங்கோ.

ஓடேக்கயோ ஓடின பிறகோ நெஞ்சு இறுக்கி, இடக்கை, தாடை எண்டு நோ பரவினா, இல்லாட்டி வெயிலுக்குள்ள தலை சுத்திக் கதை தடுமாறினா, 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கூட ஓடுறவைக்கும் இந்த நம்பரைச் சொல்லி வையுங்கோ.

சாப்பாடு

விடிய எழும்பி ஒரு கிளாஸ் தண்ணி, பசிச்சா அரை வாழைப்பழம், அவ்வளவும் காணும். அரை மணித்தியாலம் ஓடுறதுக்கு எனர்ஜி ட்ரிங்க் தேவையில்லை, தாகத்துக்குத் தண்ணி குடியுங்கோ. முடிஞ்சு வரேக்க தம்பிலி (செவ்விளநீர்) ஒண்டு குடிச்சா அருமையா இருக்கும், சுகர் உள்ளவை மட்டும் அளவு பாத்துக்கொள்ளுங்கோ. காலமை பாணும் சம்பலும் மட்டும் சாப்பிட்டா தசைக்கு ஒண்டும் இல்லை, அவிச்ச பயறு, கடலை, முட்டை ஏதாவது சேருங்கோ.

மெலியிறதுக்கெண்டு ஓட வாறவைக்கு: 70 கிலோ ஆள் ஒருத்தர் ஒரு கிலோமீட்டர் ஓடினா 70 கலோரி அளவில செலவாகும். மூண்டு கிலோமீட்டருக்கு 210, ஒஃபிஸ் கன்ரீனில ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் அதை நிரப்பிடும். எனக்கு அஞ்சு மாசத்தில மூண்டு கிலோதான் குறைஞ்சது. ஆனா ஆறாம் மாடிக்கு இப்ப லிஃப்ட் வேலை செய்தாலும் நான் படியாலதான் ஏறுறன், நாலாம் மாடி அன்ரியும் நானும் கதைச்சுக்கொண்டே ஏறுறம்.

அரை மணித்தியாலம் வந்த பிறகு வேகத்தைக் கூட்ட அவசரப்படாதேங்கோ, ரெண்டு மாசம் அதே அரை மணித்தியாலத்தை ஓடுங்கோ, பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் அஞ்சஞ்சு நிமிசமாக் கூட்டலாம்.

மழை நாளையில சப்பாத்து நனைஞ்சா உள்ளுக்க இருக்கிற ஷீட்டைக் கழட்டிட்டு, பேப்பரைக் கசக்கித் திணிச்சு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பேப்பரை மாத்துங்கோ. பல்கனி வெயில்ல காய வைச்சா பசை விட்டு அடி கழரும், நிழல்ல ஃபேனுக்குக் கீழ வைச்சா அடுத்த ஓட்ட நாளுக்குக் காய்ஞ்சிடும்.